வாடகைக்கு எடுக்கும் விளையாட்டு

பிள்ளையின் பிறந்தநாளுக்கு விளையாட்டு வேண்டுமென்றால் ஆள் பிடிக்க வேண்டும் என்பது இப்போது யாரும் கேள்வி கேட்காத வழக்கமாகிவிட்டது. சென்னை, கோவை என்றில்லை. சிறு நகரங்களிலும் ஹால் பேசி முடித்தவுடன் சொந்தக்காரர்கள் கேட்பது, ‘கேம்ஸுக்கு யாரைச் சொல்லியிருக்கீங்க?’ என்றுதான். பலூன் வளைவு, மைக் பிடிக்கும் தொகுப்பாளர், காற்று அடைத்த சறுக்கு, மேஜிக் ஷோ, கன்னத்தில் புலி வரைகிறவர், கிளம்பும்போது கையில் ஒரு ரிட்டர்ன் கிஃப்ட். இதற்குப் பதிலாக, வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டி, பால்பவுடர் டப்பா, கிழிந்த சாக்ஸ் இவற்றை வைத்துப் பிள்ளைகளும் நாமும் சேர்ந்தே விளையாட்டுகள் செய்யலாமே என்று சொல்லிப் பாருங்கள். வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். அது கஞ்சத்தனம். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையெல்லாம் தொடவே மாட்டார்கள். நேரம் எங்கே இருக்கிறது? குப்பையைப் போய்ப் பிள்ளை கையில் கொடுப்பதா?

இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. விளையாட்டு என்பது பெரியவர்கள் சமைத்துப் பரிமாற, பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற பந்தி என்கிற எண்ணம். அதைத்தான் நான் மறுக்கிறேன். விளையாட்டில் பாதிக்கு மேல் அதைச் செய்வதிலும், அதற்கு விதி போடுவதிலும், போட்ட விதியைச் சண்டை போட்டு மாற்றுவதிலும் இருக்கிறது. அந்தப் பெரும்பாதியைப் பிள்ளையிடமிருந்து பறித்து வேறொருவருக்குக் கூலி வேலையாகக் கொடுத்துவிட்டு, மீந்ததைத்தான் பிறந்தநாள் பரிசு என்று தருகிறோம்.

ஹாலில் நடப்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். மியூசிக்கல் சேர் இல்லாத பிறந்தநாளை நான் பார்த்ததில்லை. இருபது பிள்ளைகள் என்றால் 19 நாற்காலிகள். முதல் சுற்றிலேயே வெளியேறும் பிள்ளை பெரும்பாலும் வந்திருப்பதிலேயே சின்னதாகவோ, முண்டியடிக்கத் தெரியாததாகவோ இருக்கும். மீதி 18 சுற்றுகளையும் அது சுவரோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பத்தாவது சுற்று முடியும்போது வந்தவர்களில் சரிபாதி வேடிக்கை பார்க்கிறவர்கள். அம்மாவின் கைப்பையிலிருந்து போன் வெளியே வருவது அப்போதுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன்தான் உலகம் என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்தப் பிள்ளை விளையாட வந்த பிள்ளை. விளையாட்டிலிருந்து அதை வெளியே அனுப்பியது நாம் வாங்கிய விளையாட்டு.

தொகுப்பாளரை நான் குறை சொல்லவில்லை. வீடியோவில் சிரிப்பும் கைதட்டலும் பதிய வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து கேக் வெட்ட வேண்டும். அதற்குத்தான் அவருக்குக் கூலி. ஆனால், ‘அவுட் ஆனவங்க பாட்டை நிறுத்துற வேலையைச் செய்யலாமா அங்கிள்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைக் கேட்க அவருக்கு நேரம் இல்லை. அந்தக் கேள்விதான் அன்றைய சாயங்காலத்தின் அருமையான கணமாக இருந்திருக்கும்.

ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, நியாயம் அநியாயம் என்கிற உணர்வு பிள்ளைகளுக்குள் எப்படி வளர்கிறது என்று தேடியபோது கோலிக்குண்டுகளை எடுத்துக்கொண்டு பையன்களிடம் போனார். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, சொல்லிக்கொடு என்றார். விதியை யார் போட்டது, மாற்றலாமா என்று கேட்டார். 1932இல் வெளிவந்த அவருடைய புத்தகம் அந்தக் கோலி ஆட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. சின்னப் பிள்ளைகள், விதி பெரியவர்களிடமிருந்து வந்தது, தொடக்கூடாதது என்றார்கள். பத்து வயதை ஒட்டியும் தாண்டியும் இருந்தவர்கள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அந்த முதல் பதிலிலிருந்து இரண்டாவது பதிலுக்குப் போகும் பயணம் சின்ன விஷயம் இல்லை. சம வயதுக்காரர்களோடு, விதி தன் கையில் இருக்கிற ஆட்டங்களை ஆடி ஆடித்தான் பிள்ளை அங்கே போய்ச் சேர்கிறது. மைக் இன்னொருவர் கையில் இருக்கும்வரை அது புறப்பட்ட இடத்திலேயே நிற்கும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பிறந்தநாளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். காலி தண்ணீர் பாட்டில்களை முக்கோணமாக நிறுத்தி, சாக்ஸுக்குள் பழந்துணி திணித்துக் கட்டிய பந்தை உருட்டி வீழ்த்தும் ஆட்டம். பாட்டில்களை அடுக்கி முடிப்பதற்குள் மின்விசிறிக் காற்றே அவற்றைத் தள்ளிவிட்டது. விசிறியை நிறுத்தினால் வியர்க்கிறது. ஒரு பையன் எல்லாப் பாட்டிலிலும் முட்ட முட்டத் தண்ணீர் பிடித்து வந்தான். இப்போது பந்து முட்டித் திரும்பியது, பாட்டில் அசையவில்லை. கொட்டினார்கள், மறுபடி ஊற்றினார்கள், ஆளுக்கோர் அளவு. அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் இருந்தால் காற்றுக்கு நிற்கிறது, பந்துக்கு விழுகிறது என்று கடைசியில் ஒரு சிறுமி கண்டுபிடித்தாள். எடை அடியில் இருந்தால் பொருள் சாயாமல் நிற்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தரை முழுக்கத் தண்ணீர்தான். துடைத்ததும் அவர்களே.

அதற்குப் பிறகுதான் பெரிய வழக்கு வந்தது. எங்கிருந்து உருட்டுவது? சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டார்கள். பக்கத்து வீட்டு நாலு வயதுக் குட்டிக்கு அங்கிருந்து பந்து பாதி தூரம்கூடப் போகவில்லை. சின்னவர்களுக்குக் கிட்ட ஒரு கோடு போட்டார்கள். உடனே எட்டு வயதுப் பையன், ‘நான் சின்னவனா பெரியவனா?’ என்று கேட்டு இரண்டு கோட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான். கூச்சல், கோபம், ஒருத்தி ஆட்டத்துக்கே வரவில்லை என்று படியில் போய் உட்கார்ந்தாள். பெரியவர்கள் யாரும் தலையிடவில்லை. கொஞ்ச நேரத்தில் படியில் இருந்தவளே வந்து சொன்னாள்: ‘அவங்கவங்க காலால அடி வச்சு அளந்துக்கலாம். எல்லாருக்கும் பதினஞ்சு அடி.’ சின்னக் காலுக்குத் தூரம் குறைவு, பெரிய காலுக்கு அதிகம், கணக்கு எல்லாருக்கும் ஒன்று. பிறந்தநாள் அன்று விளையாட வந்த ஒரு பெரியவரையும் அவள் விடவில்லை. ‘மாமா, நீங்களும் உங்க காலாலதான் அளக்கணும்’ என்றாள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடி வைத்து அளந்தார்.

இதை எந்தக் கடையில் வாங்க முடியும்? எந்தத் தொகுப்பாளர் கொண்டுவருவார்? வயது வித்தியாசம் உள்ள கூட்டத்தில் நியாயமாக ஆடுவது எப்படி என்ற சிக்கலுக்கு, அடி வைத்து அளக்கத் தெரிந்த ஒரு பிள்ளை விடை சொன்னாள். பாட்டில்களும் சாக்ஸும் அந்த விடை பிறப்பதற்கு ஓர் இடம் கொடுத்தன.

இது ஏதோ ஒரு வீட்டில் தற்செயலாக நடந்தது என்று தள்ளிவிட வேண்டாம். 2011 கோடை விடுமுறையில் லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில், கெய்ன் மன்ராய் என்ற ஒன்பது வயதுப் பையன் தன் அப்பாவின் பழைய கார் உதிரிபாகக் கடையில் பொழுது போகாமல் இருந்தான். கடைக்கு வந்த அட்டைப்பெட்டிகளை எடுத்து ஒரு விளையாட்டுக்கூடமே கட்டினான். பொம்மையைக் கவ்வி எடுக்கும் இயந்திரம் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டபோது, நீயே செய்து பார் என்றார் அவர். கம்பி வளைவையும் நூலையும் வைத்துச் செய்தான். ஒரு டாலருக்கு நாலு ஆட்டம், இரண்டு டாலர் கொடுத்துச் சலுகைச் சீட்டு வாங்கினால் 500 ஆட்டம். சீட்டு போலியா என்று பார்க்க ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கால்குலேட்டரை ஒட்டிவைத்து, வர்க்கமூலப் பொத்தானை அழுத்திச் சரிபார்க்கும் முறையையும் வைத்திருந்தான். யாராவது ஜெயித்தால் பெட்டிக்குள் தானே தவழ்ந்து போய் உள்ளிருந்து பரிசுச் சீட்டுகளை வெளியே தள்ளுவான். கார்க் கதவுக்குக் கைப்பிடி வாங்க வந்த நிர்வான் முல்லிக் என்ற படமெடுப்பவர்தான் முதல் வாடிக்கையாளர். அவர் எடுத்த குறும்படம் 2012 ஏப்ரலில் வெளியானது, உலகமே பார்த்தது.

அந்தப் பையன் இருந்தது கணினி விளையாட்டுகளும் பெரிய பெரிய விளையாட்டுக்கூடங்களும் பெருகிக் கிடக்கும் நகரத்தில். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைத் தொடமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? அவனிடம் இருந்தது மூன்று: பெட்டிகள், வெட்டிப்போட்டாலும் திட்டாத ஓர் அப்பா, கேட்பாரற்ற ஒரு நீண்ட விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு முதலாவது தாராளமாகக் கிடைக்கிறது, வாரா வாரம் வாசலுக்கே வருகிறது. மற்ற இரண்டையும் நாம்தான் தருவதில்லை.

இனி கஞ்சத்தனம் என்ற பேச்சு. இதுதான் எல்லாவற்றிலும் ஆழமாக ஊறியது, இதற்குத்தான் நான் கோபப்படுகிறேன். நுங்கு தின்ற கோந்தையில் இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளிய வண்டியை ஓட்டாத தென் மாவட்டத்துப் பிள்ளை உண்டா? தீப்பெட்டியும் நூலும் சேர்ந்து டெலிபோன் ஆயிற்று. தட்டையாக்கிய சோடா மூடியில் இரண்டு துளை போட்டு நூல் கோத்து இழுத்தால் விர்ரென்று சுற்றியது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயத்துக்குக் கட்டை ரெடி. இதையெல்லாம் வறுமையின் மிச்சமாகப் பார்க்கவும், காசு வந்ததும் உதறிவிட வேண்டியதாக எண்ணவும் நாம் பழகிவிட்டோம். தாயக்கட்டை வாங்க வசதி இருந்த வீட்டிலும் பிள்ளைகள் சிமென்ட் தரையில் புளியங்கொட்டையைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தேய்ப்பதும் ஆட்டம்தான்.

பழைய பொருளில் பொம்மை செய்வதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட அரவிந்த் குப்தா கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். லாரி செய்யும் பெரிய நிறுவனத்தில் வேலை. 1978இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்துக்குப் போனார். அங்கே சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளை இணைத்து வடிவங்கள் செய்தார். சதுரம் நசுங்குகிறது, முக்கோணம் நிற்கிறது என்பதை ஒரு பிள்ளை விரலால் அழுத்தியே தெரிந்துகொள்ளலாம். பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணம் என்பதற்கு விடை அந்தத் தீக்குச்சியில் இருக்கிறது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். லாரியை விட்டுவிட்டு வால்வு டியூபை எடுத்தவரைக் கஞ்சன் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே செலவு மிச்சம் என்ற காரணத்தை நான் முன்வைக்கவே இல்லை. வசதி இருக்கிறவர்கள் நல்ல சாப்பாடு போடட்டும், வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுக்கட்டும். விளையாட்டை மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

இந்தப் பக்கம் நிற்கிறவர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கழிவுப் பொருளில் விளையாட்டு செய்தால் பூமியைக் காப்பாற்றலாம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். சொல்லாதீர்கள், அது உண்மை இல்லை. அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டால் அது ஆலைக்குப் போய்க் கூழாகி மறுபடி அட்டையாகும். அதன்மேல் ஜிகினா தூவி, பிளாஸ்டிக் டேப் சுற்றி, சூட்டுப் பசைத் துப்பாக்கியால் மணி ஒட்டிவிட்டால் யாரும் அதை வாங்க மாட்டார்கள், நேரே குப்பைமேட்டுக்குத்தான் போகும். பள்ளிக்கூடத்தில் ‘பயனற்ற பொருளில் கைவினை’ என்று வீட்டுப்பாடம் கொடுத்தால், இரவு பத்து மணிக்கு அம்மா ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடுகிறார். அங்கே ஐஸ் குச்சி புத்தம் புதிதாகப் பாக்கெட்டில் கிடைக்கிறது, பேப்பர் கப்பும் கிடைக்கிறது. இரண்டையும் வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொடுத்தனுப்புகிறார். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். இதில் எது பயனற்ற பொருள், யாருடைய கைவினை? மதிப்பெண்ணுக்காக அம்மா செய்யும் பொம்மையும் வீடியோவுக்காகத் தொகுப்பாளர் நடத்தும் ஆட்டமும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் பிள்ளைக்கு வேலை இல்லை.

பழைய பொருள் ஏன் நல்லது என்பதற்குக் காரணம் அதைவிட எளிது. கெட்டுப்போனால் யாரும் திட்ட மாட்டார்கள். கடையில் 800 ரூபாய்க்கு வாங்கிய அட்டை விளையாட்டின் மூலை மடிந்தாலே வீட்டில் கத்துகிறோம். செருப்புப் பெட்டியில் தப்பாக ஓட்டை போட்டால் இன்னொரு பெட்டி எடுத்தால் தீர்ந்தது. தப்புச் செய்ய அச்சமில்லாத பொருளைக் கொடுத்தால்தான் பிள்ளை துணிந்து செய்யும். டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சென் இதைப் பார்த்தவர். அழகாக வடிவமைத்த பூங்காவை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டடம் கட்டும் இடங்களிலும் உடைசல் கிடக்கும் இடங்களிலும் போய் விளையாடுகிறார்களே என்று யோசித்தார். 1943இல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பலகையும் செங்கலும் உடைசலும் போட்ட விளையாட்டிடம் திறக்கப்பட்டது. பிள்ளைகள் தாங்களே கட்டி, தாங்களே இடித்து விளையாடினார்கள். அந்த முறை பிறகு ஐரோப்பாவின் பல நகரங்களுக்குப் பரவியது.

ஆபத்து என்ற பேச்சில் மட்டும் நியாயம் உண்டு. திறந்த தகர டப்பாவின் விளிம்பு கையை அறுக்கும். மருந்து பாட்டில், பூச்சிமருந்து டப்பா, பழைய பேட்டரி எதுவும் இந்தக் குவியலுக்குள் வரக்கூடாது. பொத்தான் அளவு பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் எட்டும் தூரத்தில் மூடி, கோலி, வெடித்த பலூன் துண்டு இருக்கக்கூடாது. கத்தி பெரியவர் கையில் மட்டும். பசைக்கு மைதாவைக் கரைத்துக் காய்ச்சினால் போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம், வீட்டில் வேண்டாம். இவ்வளவு கவனம் கடையில் வாங்கும் பொருளுக்கும் தேவைப்படுவதுதான். எரியும் மெழுகுவர்த்திக்கு மேல் ஸ்ப்ரே நுரை அடிக்கிறோமே, அந்த டப்பாவிலிருந்து நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் தீப்பற்றும் வாயு. அதற்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை.

நேரம் இல்லை என்கிறவர்கள், நேரம் யாருடையது என்று பார்க்க வேண்டும். செய்யப்போவது பிள்ளைகள். பெரியவருக்கு உள்ளது வெட்டிக் கொடுக்கும் வேலை மட்டும். மை தீர்ந்த ரீஃபிலால் அட்டையில் அழுத்திக் கோடு இழுத்தால் அது கோணாமல் மடியும் என்று ஒருமுறை காட்டினால் போதும், பிறகு எல்லாக் கோட்டையும் அவர்களே இழுப்பார்கள். செருப்புப் பெட்டியின் விளிம்பில் சின்னதும் பெரிதுமாக வாசல் வெட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். எந்த வாசலுக்குள் கோலி போனால் எத்தனை மதிப்பெண் என்ற விவாதமே ஒரு சாயங்காலம் ஓடும். இரண்டு வாரம் முன்பே தொடங்கினால் பிறந்தநாளும் இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விருந்தாளிகளாக இல்லாமல் விழா நடத்துகிறவர்களாக வருவார்கள். அன்று வீடு ஒரு சின்னத் திருவிழாக் கடைத்தெரு மாதிரி இருக்கும். ஒரு மூலையில் வளையம் எறிதல், ஒரு மூலையில் டப்பா சரித்தல், இன்னொன்றில் கோலி வாசல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை முதலாளி. யாரும் அவுட் இல்லை. ஓர் ஆட்டம் சலித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலைக்கு என்னிடம் ஒரே பதில்தான். பெரியவர்கள் நினைப்பதற்காக நடத்துவது என்றால் அதைப் பிள்ளையின் பெயரில் நடத்தாதீர்கள்.

உங்கள் வீட்டில் அடுத்து வரும் பிறந்தநாளுக்கு ஹாலும் ஆளும் பேசுவதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்றிலிருந்து வரும் பெட்டிகளை மடித்துப் போடாமல் ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக் கொடுங்கள், விதி பற்றிச் சண்டை வந்தால் உள்ளே போகாதீர்கள். விழா முடிந்த மறுநாள் எல்லாப் பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். கிடைக்கும் பணம் விளையாட்டைச் செய்த பிள்ளைகளுடையது.